கட்டத்துக்குள் அடங்காத இரண்டு வரி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நன்னீர் அறிவியல் மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்ப வேண்டுமென்றால் முதலில் ஒரு படிவம் தபாலில் வரும். நடுவில் நீலக் கோட்டில் ஒரு கட்டம். தலைப்பு, ஆய்வு செய்தவர்களின் பெயர்கள், அவரவர் பதவி, முகவரி, ஆய்வின் சாரம் எல்லாமே அந்தக் கட்டத்துக்குள் தட்டச்சில் அடங்க வேண்டும். அதை அப்படியே படம் பிடித்துப் புத்தகமாக அச்சடிப்பார்கள். ஓர் எழுத்து கோட்டைத் தாண்டினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோரும் பயந்தோம். அந்தப் பயத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க இத்தனை வருடம் பார்த்துவிட்டேன், முடியவில்லை.

நான் அப்போது ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வும் செய்துகொண்டிருந்தேன். கணவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை, குடியிருந்தது குவார்ட்டர்ஸில். கோவில்பதாகை ஏரித் தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதுதான் என் ஆய்வு. கல்லூரி விட்டு வந்து மாலையில் நான் எடுத்த தண்ணீரெல்லாம் நல்ல பிள்ளையாக ஒரே மாதிரி இருந்தது. அதை வைத்துக்கொண்டு எந்த மாநாட்டிலும் வாய் திறக்க முடியாது.

எதிர் பிளாக்கில் ஒரு ஃபிட்டர் இருந்தார். அதே தொழிற்சாலைதான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முதல் பூசை முடிந்ததும் தூண்டிலோடு ஏரிக்குப் போய்விடுவார். என் கையில் இருந்த புட்டிகளைப் பார்த்து அவருக்கு ஒரே சிரிப்பு.

"சாயங்காலம் போயி இன்னா டீச்சர் பாக்குறீங்க? மோடம் போட்டு வெயிலு வரலன்னா மறுநாள் வெடிகாலைல வந்து பாருங்க. மீனெல்லாம் வாயப் பொளந்துகினு மேல வந்து நிக்கும்."

இரண்டு குழந்தைகள், சமையல், ஏழு மணி ரயில். விடியற்காலையில் நான் எங்கே போவது? "நான் போறேன் வுடுங்க. ஷிப்டுக்கு முன்னாடி முடிச்சிட்டு வந்துர்றேன்" என்றார்.

வேலையைச் சொல்லிக் கொடுத்தேன். புட்டியைத் தண்ணீருக்குள்ளேயே நிரப்பி, ஒரு குமிழிகூட இல்லாமல் மூட வேண்டும். உடனே இரண்டு மருந்துகளை விட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் உள்ளே பழுப்பாகக் கலங்கும். இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். என் மாணவிகள் பத்துக்கு நான்கு புட்டியில் குமிழி விடுவார்கள். அவர் ஒன்றில்கூட விட்டதில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டுக் கூப்பிட்டார். "டீச்சர், வெள்ளையா நிக்குது." வாங்கிப் பார்த்தேன். பால் மாதிரி வெள்ளை. அதன் பிறகு மேகம் மூடிய நாளுக்கு மறுநாளெல்லாம் வெள்ளைதான். வெயில் இல்லாத பகல் முடிந்தால் ஏரி மூச்சுக்குத் திணறுகிறது. என் ஆய்வில் சொல்லத் தகுந்த ஒரே விஷயம் அதுதான். அந்த விடியற்காலைப் புட்டிகளில் ஒன்றைக்கூட நான் எடுக்கவில்லை.

"உங்க பேரையும் போடுறேன், அண்ணா" என்றேன்.

கையிலிருந்த புட்டியைக் கீழே வைத்தார். "பொஸ்தகத்துல வருமா? எம் பேரு இதுவரிக்கும் பேக்டரி டோக்கன்லயும் ரேஷன் கார்டுலயும்தான் கீது."

என் பேராசிரியர் மறுக்கவில்லை. "போடுங்கம்மா. ஆனா அவர் பாதுகாப்புத் துறை ஊழியர். நிர்வாகத்தோட அனுமதிக் கடிதம் இல்லாம அச்சுல பேர் வந்தா அவருக்குத்தான் வம்பு" என்றார். உண்மைதான். எங்கள் குவார்ட்டர்ஸில் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதவே யோசிப்பார்கள். மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். ஃபிட்டர் அதை நிர்வாக அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு இடைவேளைகளில் போய் அங்கிருந்த குமாஸ்தாவின் மேஜை முன்னால் நின்றுவிட்டு வருவார். இன்று வா, நாளை வா என்று நாள் ஓடியது.

படிவம் அனுப்பக் கடைசி நாள் வந்தது. ஸ்டேஷன் பக்கத்துத் தட்டச்சு நிலையத்தில் இருந்த பெண் முதலில் நகலில் அடித்துப் பார்த்தாள். இரண்டு வரி கட்டத்துக்கு வெளியே நின்றது. அவர் பெயரும் முகவரியும் அடைத்துக்கொண்ட இடமும் சரியாக அதே இரண்டு வரிதான். ஆய்வு முறையைப் பற்றி நான் வளவளவென்று எழுதியிருந்த ஒரு வாக்கியத்தை எடுத்திருக்கலாம். அது அப்போதே எனக்குத் தெரியும். அரசாங்க அலுவலகம், அனுமதி எங்கே வரப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மையில்லை. பேராசிரியர், விரிவுரையாளர் என்ற வரிசையில் ஃபிட்டர் என்று பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "இந்த ரெண்டு வரிய எடுத்துடும்மா" என்றேன். கட்டம் கச்சிதமாக நிறைந்தது. பதிவுத் தபாலில் போட்டேன்.

நான்காம் நாள் அவர் வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கடிதம். "குடுத்துட்டாங்க டீச்சர்!" மூன்றே வாக்கியம், கீழே முத்திரை. அச்சானதும் புத்தகத்தின் ஒரு பிரதியை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை.

"அனுப்பிட்டீங்களா? எம் பேரு போட்டாச்சா?"

"போட்டாச்சு" என்றேன்.

திருத்தம் கேட்டு மாநாட்டுக்காரர்களுக்கு ஒரு கடிதம் போட அப்போதும் நேரம் இருந்தது. கட்டுரையையே தள்ளிவிடுவார்களோ என்று பயந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று இருந்துவிட்டேன். அந்த நாட்களிலும் காலையில் புட்டிகள் தவறாமல் வந்தன.

மாநாட்டில் வெள்ளைப் புட்டிகளுக்கு நல்ல பெயர் கிடைத்தது. "விடியற்காலையில் யார் போய் எடுத்தது?" என்று ஒருவர் கேட்டார். "நாங்கள்தான்" என்றேன். புறநகர் ஏரிகளைப் பற்றி அடுத்த மாநாட்டில் ஓர் அமர்வே நடத்தலாம், முன்மொழிவு அனுப்புங்கள் என்று புதுப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள்.

ஊர் திரும்பிய ஞாயிறு, பூசைக்குப் போன வெள்ளைச் சட்டையோடு நேராக என் வீட்டுக்கு வந்தார். "பொஸ்தகம் குடுங்க டீச்சர். நாளிக்கு ஆபீஸ்ல குடுக்கணும்." என்னென்னவோ சொல்லத் தயார் செய்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு புத்தகத்தைக் கொடுத்தேன். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பவர் அவர். பெயர்களின் மேல் விரலை இரண்டு முறை ஓட்டினார். மிச்சம் அங்கே இருக்குமோ என்று அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார்.

"இல்லியா?"

"இடம் பத்தல, அண்ணா."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். "ஆபீஸ்ல இன்னா சொல்றது?" என்று மட்டும் கேட்டார். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்ததால் மறுநாள் கொடுத்தும்விட்டார். குமாஸ்தா அவர் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, பக்கத்து மேஜைக்காரர்களையும் கூப்பிட்டுத் தேடச் சொன்னாராம். என் கணவர் வந்து சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை என் வாசலில் காலிப் புட்டிகள் கழுவித் துடைத்து, செய்தித்தாள் மேல் வரிசையாக இருந்தன. மருந்துப் புட்டிகள் இரண்டும் பக்கத்தில் இருந்தன.

ஒரு மாதம் கழித்து அமர்வுக்கான படிவத்தைத் தட்டச்சு செய்தேன். பேசுபவர்கள் என்ற இடத்தில் முதல் பெயர் அவருடையது, கீழே ஃபிட்டர் என்று போட்டேன். இந்த முறை என் வாக்கியங்களைத்தான் வெட்டினேன். படிவத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். தன் பெயர் இருந்த இடத்தில் கொஞ்சம் நின்றார்.

"நல்லாத்தான் கீது டீச்சர்" என்றார். "ஆனா இதுக்கும் பர்மிஷன் கேக்கணும். திரும்பி அந்த மேஜை முன்னால போயி நிக்க என்னால ஆவாது."

படிவத்தை மடிக்காமல் என் கையில் கொடுத்தார். நான் அதை அனுப்பவில்லை.