ஜிப்சம் சுவரை நனைத்தேன்

கல்லூரிக்கு ஸ்கூட்டரில் போன மகளை லாரி இடித்துத் தள்ளியதில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தஞ்சாவூரில் ஆஸ்பத்திரி வாசம். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறோம், மாடி ஏறவே கூடாது என்றார் டாக்டர். குத்தாலத்தில் எங்கள் வீட்டில் அறைகள் எல்லாம் மாடியில். கீழே கூடமும் சமையலறையும்தான்.

"கூடத்துல கட்டில் போட்டுப் போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் என்னைக் காட்டாதம்மா. அதுக்கு நான் இங்கயே கிடந்துட்டுப் போறேன்" என்றாள். எல்லாமே படுக்கையில் என்ற நிலையில் வேறென்ன கேட்பாள்?

செங்கல் சுவர் எழுப்ப நாளில்லை. கும்பகோணத்திலிருந்து ஜிப்சம் போர்டு வேலை செய்யும் அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். கூடத்தின் குறுக்கே தகரச் சட்டம் நிறுத்தி, இருபுறமும் போர்டு வைத்து ஸ்க்ரூ முடுக்கி, கதவும் மாட்டினார்கள். இணைப்புகளில் டேப் ஒட்டிப் பட்டி பூசிவிட்டு, காய்ந்ததும் பெயிண்ட் அடிக்க வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

புதன்கிழமை காலை, ஆஸ்பத்திரியில் கணவரை விட்டுவிட்டு, குளிக்கவும் அறையை ஒழுங்கு செய்யவும் வந்தேன். வாளியில் தண்ணீர் பிடித்து வந்து, புதுச் சுவரில் சொம்பு சொம்பாக அடித்து ஊற்றினேன். இந்த வீட்டைக் கட்டியபோது பள்ளிக்குக் கிளம்புமுன் தினமும் அப்படித்தான் சுவர்களை நனைப்பேன். புதுப் பூச்சைக் கண்டால் தண்ணீர் விட வேண்டும் என்று கைக்குத் தெரியும். இது காகிதம் ஒட்டிய பலகை என்பது, பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தும் எனக்கு, மாலையில் அடிப்பக்கம் உப்பிக் காகிதம் பிரிந்தபோதுதான் உறைத்தது.

போன் செய்தேன். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்கள்.

"டீச்சர், இது என்ன நாத்தங்காலா? இப்படித் தண்ணி பாய்ச்சியிருக்கீங்க!" என்றார் அண்ணன்.

"விடுண்ணே, முளைச்சா நமக்கும் ரெண்டு கட்டு நாத்து கொடுப்பாங்க" என்றார் தம்பி.

சிரிக்கத்தான் நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. அதற்குப் பிறகு இருவரும் கேலி பேசவில்லை.

"பாப்பா எப்ப வருது?"

"நாளைக்கு."

அண்ணன் போனை எடுத்து, அன்றைக்குப் போக வேண்டிய இடத்துக்கு வர முடியாது என்றார். முழங்கால் உயரத்துக்கு நனைந்த பகுதியை நீளவாக்கில் அறுத்தெடுத்து, புதுத் துண்டு வைத்துப் பட்டி பூசினார்கள். பெயிண்டுக்கு நேரமில்லை.

வெள்ளிக்கிழமை அவளைத் தூக்கி வந்து அந்த அறையில் படுக்க வைத்தோம். கதவைச் சாத்தச் சொன்னாள். சாயங்காலமே பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். லாரி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அவள் எப்படிக் கிடந்தாள் என்று சொல்ல ஆரம்பித்தேன். யாரிடமாவது சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

சுவரில் இரண்டு தட்டு கேட்டது.

"அம்மா, இங்க எல்லாமே கேக்குது."

வந்தவர்கள் எழுந்துகொண்டார்கள். அன்றிலிருந்து யார் வந்து கேட்டாலும், தூங்குகிறாள் என்று மட்டும் மெதுவாகச் சொல்கிறேன். அதையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.