மஞ்சள் பொடி விழாத மாவு

மாவு ஆலையில் மூட்டை தைப்பது என் வேலை. எனக்குப் பக்கத்திலேயே, மாவு ஓடும் குழாய்க்கு மேல் ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது. ஃபோலிக் அமிலம் கலந்த மஞ்சள் நிறச் சத்துப் பொடி அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மாவில் உதிர வேண்டும். தொட்டிக்குப் பொறுப்பு ‘ஒரு நிமிஷம்’ அக்கா. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பொடி விழும் இடத்தில் சரியாக ஒரு நிமிஷம் கிண்ணத்தைப் பிடித்து, விழுந்ததை எடைபோட்டு நோட்டில் எழுதுவார். அப்போது முதலாளியே கூப்பிட்டாலும் “ஒரு நிமிஷம்!”தான். தொட்டியில் பச்சை விளக்குதான் எரிகிறதே என்றால், “மோட்டார் சுத்துதுன்னு விளக்கு சொல்லும். பொடி விழுதுன்னு சொல்லுமா?” என்று வாயை அடைத்துவிடுவார்.

அந்தப் பெருமைக்கும் ஒரு நாள் அடி விழுந்தது. நல்ல மழை. காலையில் பழுது பார்க்க வந்தவர்களோடு மல்லுக்கட்டியதில் அக்கா ஓர் அளவை விட்டுவிட்டார். அதோடு நிற்காமல், முந்தைய எண்ணையே நோட்டில் எழுதியும் வைத்தார். மதியம் கிண்ணத்தைப் பிடித்தால் ஒன்றும் விழவில்லை. ஈரத்தில் பொடி தொட்டிக்குள் இறுகி நிற்க, அடியில் மோட்டார் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் நானூறு மூட்டை தைத்து அடுக்கியாகிவிட்டது. லாரி வேறு வாசலில் நின்றது.

வாயைத் திறக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. திறந்தால் பதினொரு வருஷ வேலை போனாலும் போகும். அக்கா நோட்டோடு நேரே மேலாளர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன், வேடிக்கை பார்க்கத்தான்.

“காலையில நான் அளக்கல சார். எழுதினது பொய். லாரிய நிறுத்துங்க.”

மேலாளர் தலையில் கைவைத்தார். “ஒரு நாள் மாவும்மா! என்ன ஆயிடப் போகுது?”

“குழந்தையோட முதுகுத்தண்டு முதல் நாலு வாரத்துலயே மூடிக்கணும் சார். முழுகாம இருக்கோம்னு அப்போ அம்மாவுக்கே தெரியாது. தெரிஞ்சு மாத்திரை போடுறதுக்குள்ள அந்த நேரம் தாண்டியிருக்கும். இந்தப் பொடி எல்லாத்தையும் தடுக்காது. ஆனா நிறைய தடுக்கும். என் மூத்த பொண்ணு முதுகு மூடாமதான் பொறந்தா. மூணு நாள் இருந்தா.”

அப்படி ஒரு மகள் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

மேலாளர் நோட்டை அக்கா பக்கம் தள்ளினார். “நடந்தத அப்படியே எழுதுங்க. மாவக் கொட்டி மறுபடி கலக்கட்டும். உங்க வேலையப் பத்தி நாளைக்குப் பேசுவோம்.”

“பேசுங்க சார்” என்று அக்கா நிமிர்ந்தபடியே வெளியே வந்தார்.

எனக்குத்தான் வயிறு எரிந்தது. நானூறு தையல்! “ஏன்க்கா, பாதியையாவது அனுப்பியிருக்கலாம்ல?”

“உங்க வீட்ல எந்த மாவுடா?”

“இங்கேருந்துதான் வாங்கிட்டுப் போறேன்.”

“கல்யாணமாகி எத்தனை மாசம்?”

“மூணு.”

அக்கா கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே தொட்டிப் பக்கம் போனார். நான் கத்தியை எடுத்து முதல் மூட்டையைப் பிரித்தேன்.