நகருதா, நிக்குதா?

அக்கா ரேடார் திரையின் மேலேயே மார்க்கர் பேனாவால் ஒரு கறுப்புப் புள்ளி வைக்கிறாள். மழைமேகத்தின் சிவப்பு எங்கே தடிப்பாக இருக்கிறதோ, அதன் நட்டநடுவில். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுப் படம் வரும். சிவப்பு விலகியிருந்தால், "கிளம்பிடுச்சு" என்று விரலாலேயே புள்ளியை அழித்துவிட்டு நாற்காலியில் சாய்கிறாள். திரையில் எழுதக் கூடாது என்று அந்த வானிலை அலுவலகத்தில் சுற்றறிக்கையே உண்டு. அது வந்ததே இவளால்தான்.

இதையெல்லாம் கணினியே கணக்குப் போட்டுத் தராதா என்று கேட்டால், "தரும். அது சரியா சொல்லுதான்னு பாக்க ஆள் வேணாமா?" என்பாள். இடிமழை எவ்வளவு பெரியது என்பது அவளுக்கு இரண்டாம் பட்சம். "ஓடுற மழைன்னா பயமில்லடா. ஒரே இடத்துல நின்னு கொட்டுது பாரு, அதுதான் வெள்ளத்தக் கொண்டுவரும்." இருபத்திரண்டு வருடம் இதையே பார்த்துப் பார்த்து, வீட்டிலும் அதுதான் அளவுகோல். அத்தான் எதற்காவது கத்த ஆரம்பித்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "நகர்ந்துடும்" என்று எங்களுக்கு ஜாடை காட்டுவாள். அனேகமாக நகர்ந்துவிடும்.

சொந்தக்காரர்கள் கேட்டால் மட்டும் மழை வரும், வராது என்று நேராகச் சொல்லமாட்டாள்; சதவீதம்தான். "துணி காயப் போடலாமாடி?" என்று அம்மா போனில் கேட்பாள். "மழைக்கு அறுபது சதவீதம் வாய்ப்பும்மா." "அப்போ பத்துல ஆறு துணிய மட்டும் உள்ள எடுத்துடவா?" அக்கா போனை வைத்துவிடுவாள்.

இவளைச் சிரிக்கவிடாமல் செய்தவர் ஒருவர் உண்டு. மலையடிவாரத்தில் ஓடைக்கரைப் பள்ளியின் தலைமையாசிரியை. இந்தப் பருவத்தில் இரண்டு முறை அக்கா எச்சரித்து, இரண்டு முறையும் அவர் பிள்ளைகளை மாடிக்கு ஏற்றினார். இரண்டு முறையும் பளீரென்று வெயில். "உங்க மழைக்கு எங்க பள்ளிக்கூடத்துக்கு வழி தெரியல போலிருக்கே மேடம்" என்றாராம். அன்று அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

போன வாரம் மதியம், மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்க அலுவலகத்துக்குப் போனேன். டப்பாவை வாங்கக்கூட அவள் திரும்பவில்லை. மலைக்கு மேல் புள்ளி. பத்து நிமிடம், சிவப்பு அங்கேயே. இன்னொரு பத்து நிமிடம். அங்கேயேதான், இன்னும் அடர்த்தியாக.

மணி இரண்டே முக்கால். பள்ளி விடுவது மூன்றேகாலுக்கு. பிள்ளைகள் வீடு போவது ஓடையின் மேல் இருக்கும் தாழ்ந்த பாலம் வழியாக.

எச்சரிக்கையை எல்லோருக்கும் அனுப்பியாயிற்று. அக்கா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு படம் வரட்டுமேக்கா" என்றேன்.

"அதுக்குப் பத்து நிமிஷம் போயிடும், அத்தனை பிள்ளைங்களையும் மாடிக்கு ஏத்த நேரம் வேணாமா? ஆனா இதுவும் பொய்யாப் போச்சுன்னா, அடுத்த தடவை அந்தம்மா என் போனையே எடுக்க மாட்டாங்கடா." சொல்லிக்கொண்டே எண்ணை அழுத்தினாள்.

"டீச்சர், நான்தான்."

"மறுபடியுமா!" எனக்கே கேட்டது.

"மறுபடியும்தான். மலைமேல மழை நகராம ஒரே இடத்துல நின்னு கொட்டுது. பிள்ளைங்கள வெளிய விடாதீங்க. மாடிக்கு ஏத்துங்க."

"இங்க வெயில் மண்டையப் பிளக்குது. பெத்தவங்க வேற வாசல்ல வந்து நிக்கிறாங்க. என்ன சொல்றது நான்?"

"அவங்களையும் மேல ஏத்துங்க. திட்டுனா என் பேரச் சொல்லுங்க, என் நம்பரக் கொடுங்க. பாலத்துப் பக்கம் மட்டும் யாரும் போகக் கூடாது."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. போன் துண்டிக்கப்பட்டது. ஏற்றுவாரா மாட்டாரா என்பது அதில் தெரியவில்லை.

அடுத்த நாற்பது நிமிடமும் நான் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அக்கா மற்ற ஊர்களுக்கு அறிக்கை தட்டினாள். தட்டியதை அழித்துத் திரும்பத் தட்டினாள். மூன்று இருபதுக்கு வந்த படத்தில் மேகம் மலையை விட்டுக் கிளம்பியிருந்தது. மலையில் கொட்டிய தண்ணீர் இந்நேரம் ஓடையில் இறங்கியிருக்கும்.

மூன்றரைக்குப் போன் அடித்தது.

"மேடம்... வந்துடுச்சு. பாலம் கண்ணுக்கே தெரியல. கீழ வகுப்புல பெஞ்சு மிதக்குது."

"பிள்ளைங்க?"

"எல்லாரும் மாடியில, பெத்தவங்களும்தான். பிள்ளைங்க இருநூத்திப் பன்னெண்டு. மூணு தடவை எண்ணிட்டேன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பின்னணியில் பிள்ளைகளின் கூச்சல் காதைப் பிளந்தது. தண்ணீரைப் பார்த்துக் கும்மாளம் போலிருக்கிறது.

"ஒண்ணுமே கேக்கல மேடம், ஒரே சத்தம். அப்புறம் கூப்பிடறேன்" என்றார் தலைமையாசிரியை.

"வச்சிடாதீங்க டீச்சர். கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்."

அக்கா போனை மேசையில் வைத்து, ஸ்பீக்கரை அழுத்தி, சத்தத்தைக் கடைசி வரைக்கும் கூட்டினாள்.