ஊதக் கூடாது, தொடக் கூடாது

முதலில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்தெருவில் அந்தக் கட்டடத்தின் மாடிப்படியில் கால் வைத்ததுமே கேட்கும். கீழே இருக்கிற டிபன் மெஸ்ஸில் தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிறார்களா, அல்லது மாடியில் என் மாணவர்களில் யாரோ சீக்கிரம் வந்து, ஈயம் உருக்கி ஒட்டுகிற சூடான சால்டரிங் முனையை ஈரப் பஞ்சில் துடைக்கிறார்களா என்பது படியேறி முடிக்கும்வரை தெரியாது. எண்ணெய் வாசனை வந்தால் தோசை. கண் எரிந்தால் விண்வெளி.

விண்வெளித் தொழில் என்றால் வெளியே இருப்பவர்களுக்கு நெருப்பும் புகையும் ஞாபகம் வரும். உள்ளே இருக்கும் எங்களுக்கு ஈரப் பஞ்சுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் அடையாறில் ஒரு சின்னக் கம்பெனி செயற்கைக்கோளுக்குள் போகிற எலெக்ட்ரானிக் போர்டுகளைச் செய்துகொடுத்துக்கொண்டிருந்தது. அங்கே எனக்கு ராத்திரி வேலை. செய்து முடித்த போர்டுகளை ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடி, மாற்றி மாற்றிச் சுடவைத்தும் குளிரவைத்தும் வதைப்பார்கள். மேலே போனால் வெயிலும் நிழலும் அப்படித்தான் படுத்துமாம். விடியும்வரை பெட்டியின் கதவைத் திறக்காமல் சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் உத்தியோகம். கல்லூரி வாசலை மிதிக்காமல், லஸ் நடைபாதையில் வாங்கிய பழைய புத்தகங்களைப் படித்துத் தேறியவனுக்கு அதற்கு மேல் என்ன கொடுப்பார்கள்? கொடுத்தார்கள். கை சுத்தமாக இருக்கிறது என்று எப்படியோ கண்டுபிடித்து, காலையில் இந்த மயிலாப்பூர் மாடியில் புது ஆட்களுக்கு சால்டரிங் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். ஆறு வாரப் பயிற்சி, முடிவில் ஒரு பரீட்சை. பாஸானால் கம்பெனியில் வேலை. பெயிலானால் ஒரு கைகுலுக்கல். இரண்டாம் தடவை கிடையாது.

தூங்காத கண்ணோடு பாடம் நடத்தியிருக்கிறீர்களா? போகட்டும், வீட்டில் யாருக்காவது சைக்கிளோ கணக்கோ கற்றுக்கொடுக்கப் போய்த் தலையில் கை வைத்துக்கொண்டதுண்டா? அப்படியானால் நீங்களும் நம் கட்சி. மேலே படியுங்கள்.

ராக்கெட்டைக் காட்டுங்கோ

பயிற்சியை நடத்தியவர் வரதன் சார். ஏதோ சர்க்கார் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாசலில் 'விண்வெளித் துறைப் பயிற்சி' என்று நீலத்தில் போர்டு எழுதி மாட்டியது அவர் செய்த ஒரே தப்பு. முதல் நாள் காலை மந்தைவெளியிலிருந்து கௌரி என்ற பெண் வந்தாள். பின்னாலேயே அவள் அம்மா, கையில் காபி பிளாஸ்க்கோடு. மகளைச் சேர்க்கும் முன் ராக்கெட்டைப் பார்த்துவிட வேண்டும் என்பது அந்த அம்மாளின் தீர்மானம்.

அறையில் இருந்தவை எட்டு மேஜை, எட்டு விளக்கு, எட்டுப் பூதக்கண்ணாடி, எட்டுப் பஞ்சு. அந்த அம்மாள் திரைக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தார். அங்கே விளக்குமாறு இருந்தது. வரதன் சார் பொறுமையாக விளக்கினார்: "ராக்கெட் இங்க இல்லை மாமி. ராக்கெட்டுல போற சாட்டிலைட்டுக்குள்ள ஒரு பொட்டி. அந்தப் பொட்டிக்குள்ள ஒரு போர்டு. அந்த போர்டுல ஈயம் வைக்கறதுக்குத்தான் கத்துக்குடுக்கறோம்."

மாமி பிளாஸ்க்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: "ஈயம் பூசவா? அதுக்கு எங்காத்து வாசல்லயே ஒருத்தன் துருத்தியைத் தூக்கிண்டு வருவான். அவனையே அனுப்பிச்சிருப்பேனே."

மாப்பிள்ளை வீட்டார் பார்த்த பட்டை

மாமியை மீறிக் கௌரி சேர்ந்தாள். இந்த வேலையில் மனித உடம்பே ஓர் எதிரி. நாம் நடந்தாலே உடம்பில் கொஞ்சம் மின்சாரம் சேருமாம். நமக்குத் தெரியாத அந்தத் துளி, போர்டில் இருக்கும் பாகத்தைக் கொன்றுவிடும். அதனால் மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டை கட்டி, அதிலிருந்து ஒயரைத் தரைக்கு இணைத்துவிடுவோம். பட்டு, பாலியஸ்டர் கூடாது. பூ கூடாது. பவுடர் கூடாது. விபூதியைத் துடைத்துவிட்டு உட்கார வேண்டும். கபாலி கோவிலுக்குப் போய்விட்டு நேரே வருகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

மூன்றாம் வாரம் கௌரி பட்டுப் புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக வந்தாள். வகுப்பு முடிந்ததும் பெண் பார்க்க வருகிறார்களாம். பூவை எடுத்து டிபன் பாக்ஸில் வைத்தாள். பருத்திக் கோட்டால் புடவையை மூடிக்கொண்டாள். மணி ஆனதும் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு ஓடிப்போனாள். பட்டை கையிலேயே போய்விட்டது.

மறுநாள் அதைத் திருப்பிக் கொடுத்தபோது சொன்னாள்: "மாப்பிள்ளையோட அம்மா இதையே பார்த்துண்டிருந்தா சார். என்ன, வேண்டுதலான்னு கேட்டா. ஆமாம்னுட்டேன்."

தயாளனின் வாய்

தயாளன் அசோக் நகரில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர். நாற்பதைத் தொட்டவர், எனக்குக் கொஞ்சம்தான் இளையவர். கலர் டிவி கம்பெனிகளே வீட்டுக்கு ஆள் அனுப்ப ஆரம்பித்ததும் கடைக்கு யாரும் வரவில்லை. சாவியைக் கட்டட சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டு நேராக இங்கே வந்ததாக முதல் நாளே சொன்னார். "இது பூடுச்சின்னா அப்பால எனுக்கு ஒண்ணும் கெடையாது சார்" என்று, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார். இந்த வயதுக்கு மேல் அவரை யார் எடுப்பார்கள்? அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல்தான். நானும் பல வேலைகளை விட்டுவிட்டு வந்தவன்.

கை அபாரம். வாய்தான் விரோதி. ஈயம் வைத்ததும் 'பூ' என்று ஊதிவிடுவார். ஊதினால் ஆறுகிற ஈயம் அசைந்து உள்ளுக்குள் விரிசல் விடும். மூச்சின் ஈரம் வேறு. ஊதக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டினேன். அதைப் படித்துக்கொண்டே ஊதினார். கடைசியில் ஆஸ்பத்திரிகளில் கட்டுவதுபோல் ஒரு முகமூடி வாங்கிக் கட்டிவிட்டேன். முகமூடி ஒவ்வோர் ஈயத்துக்கும் ஒரு தடவை பலூன்போல உப்பி அடங்கியது.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுத் துணிக்குள்ளிருந்து சொன்னார்: "கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து ஊதிக்கினு கீறேன் சார். நான் ஊதல. அது தானா ஊதுது."

சிவப்பு அம்பு

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு மேஜையிலும் சின்னச் சின்ன சிவப்புக் காகித அம்புகள் ஒரு தாளில் ஒட்டியிருக்கும். போர்டில் எங்கே கோளாறு கண்ணில் பட்டாலும் அந்த இடத்தைக் காட்டி ஓர் அம்பு ஒட்டிவிட வேண்டும். அடுத்தவர் செய்த தப்பானாலும் சரி, தானே செய்த தப்பானாலும் சரி. ஒட்டியவரை யாரும் திட்டக் கூடாது. ஆனால் அம்பு ஒட்டிய போர்டு மேலே போகாது.

சொந்தத் தப்புக்கு அம்பு ஒட்டச் சொன்னால் மனிதர்களுக்குக் கை வருவதில்லை. அடுத்தவர் தப்பு என்றால் தாள் காலியாகிவிடுகிறது. ஒரு வாரத்தில் விளிம்பு நசுங்கிய வரதன் சாரின் காபி டம்ளரில் ஓர் அம்பு இருந்தது. கௌரியின் நாற்காலிக் காலில் ஒன்று. நான் கண் அசந்த ஒரு காலையில் என் சட்டைப் பையில் ஒன்று. வரதன் சார் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார்: "ஆத்துல ரேடியோ கெட்டா தூக்கிண்டு ஓடலாம். இதை மேல அனுப்பிச்சுட்டா யாரும் போய்த் திருகாணி முடுக்க முடியாது. அதனால கீழயே சொல்லிடுங்கோ."

தயாளன் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கடையில தப்ப ஒத்துக்கினா கஸ்டமர் பூடுவான். இங்க ஒத்துக்காட்டி சாட்டிலைட்டு பூடும். மொத்தத்துல எதுனா ஒண்ணு போய்த்தான் ஆவணும் போலகீது."

வெந்த சோறு

ஊதுவதை ஒருவழியாக நிறுத்தினோம். அடுத்தது தொடுவது. நல்ல ஈயம் பளபளவென்று இருக்கும். சில சமயம் கொஞ்சம் மங்கலாகவும் இருக்கும். மங்கலும் சரிதான், பாஸ்தான். அப்படியே விட்டுவிட வேண்டும். தயாளனால் முடியாது. ஒரு மெக்கானிக்குக்கு மங்கல் என்றால் மானப் பிரச்சினை. இன்னொரு தடவை சூடு காட்டுவார். பளபளக்கும். இன்னும் கொஞ்சம் பளபளக்கட்டும் என்று மறுபடி காட்டுவார். அடியில் இருக்கும் செப்புத் தகடு போர்டைவிட்டுக் கழன்று கையோடு வந்துவிடும். போர்டு போர்டாக இப்படி அழகுபடுத்தியே கொன்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரே வேலை மனுவை மாற்றி மாற்றி எழுதி, கடைசித் தேதி தாண்டிய பிறகு அனுப்புகிற ரகம் நான். ஆனால் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் இவர் பெயில், அதில் சந்தேகமே இல்லை. ஒரு நாள் மத்தியானம் அவர் மனைவி தனம் சாப்பாடு கொண்டுவந்தபோது மாடிப்படியில் நிறுத்தி, "வீட்டிலும் இப்படித்தானாம்மா?" என்று கேட்டேன்.

அந்த அம்மா சிரிக்காமல் சொன்னார்: "வெந்துக்கினு கீற சோத்த நாலு வாட்டி தொறந்து பாப்பாரு சார். குக்கரு வாங்கினப்புறந்தான் நாங்க நல்ல சோறு துன்றோம்."

தெரியாத இழை

பரீட்சைக்கு வெளியூரிலிருந்து ஒரு பரிசோதகர் வந்தார். மெலிந்த மனிதர், சொந்த மைக்ரோஸ்கோப்பைக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்திறங்கினார். ஆளுக்கொரு போர்டு. தயாளன் எல்லோருக்கும் முன்னால் முடித்தார். முடித்துவிட்டு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். தொட்டுவிடுவோமோ என்று பயம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். போர்டு அவ்வளவு நன்றாக இருந்தது. மங்கல்கூட இரண்டை அப்படியே விட்டிருந்தார்.

பிறகு ஒரு கையை மட்டும் உருவினார். சால்டரிங்கை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஓர் அம்பை உரித்து, தன் போர்டில் ஓர் ஒயரின் அடியில் ஒட்டிவிட்டு, மறுபடி கைமேல் உட்கார்ந்துகொண்டார்.

பரிசோதகர் மைக்ரோஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். "இங்கே ஒன்றும் இல்லையே?"

"வெளிய தெரியாது சார்" என்றார் தயாளன். "ஒயரு உரிக்கசொல்ல உள்ள ஒரு இழ கட்டாயிடுச்சி. மேல ஈயம் மூடிக்கிச்சி. நான் பாத்தேன்."

"அம்பு ஒட்டினால் போர்டு ரிஜெக்ட். தெரியுமில்லையா?"

"தெரியும் சார்."

வரதன் சார் குறுக்கே வந்து, அவரே சொன்னதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று இழுத்தார். நானும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அம்பு ஒட்டு என்று ஆறு வாரம் கத்தியவன் நான். தயாளன் பெயில். கௌரி உட்பட மற்ற எல்லோரும் பாஸ்.

பெட்டியைக் கட்டிவிட்டு வாசல்வரை போன பரிசோதகர் அங்கேயே நின்றார். திரும்பி வந்து பெட்டியைப் பிரித்து மைக்ரோஸ்கோப்பை மறுபடி மேஜைமேல் வைத்தார். "சொல்லாமல் இருந்திருந்தால் இந்த ஆளுக்கு நான் பாஸ் போட்டிருப்பேன்" என்றார் எரிச்சலாக. "அப்படியானால் அம்பு இல்லாத போர்டையெல்லாம் நான் எதை நம்பிப் பாஸ் போட்டேன்? எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள்."

கதவாண்ட

மற்றவர்களின் போர்டுகளில் அவர் இரண்டாம் தடவையும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்தத் திருப்தியின்மையோடு ஊருக்குப் போனார். தயாளன் முகமூடியை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, தனத்திடம் எப்படிச் சொல்வது என்று படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கீழே தோசைக்கல் சீறிக்கொண்டிருந்தது. உட்கார இடம் போதவில்லை, நான் ஒரு படி கீழே உட்கார்ந்தேன்.

கம்பெனியில் ராத்திரிப் பெட்டிக்கு இன்னோர் ஆள் வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள்விட்டு ஒருநாள் என்னை மாற்ற. அந்த வேலைக்கு சால்டரிங் பரீட்சை தேவையில்லை. கோளாறு வந்தால் மறைக்காமல் சொல்லும் ஆளாக இருந்தால் போதும். வரதன் சார் அன்றே போய்ப் பேசி, அந்த வேலையைத் தயாளனுக்கு வாங்கிக்கொடுத்தார். சோற்றுப் பானையைத் திறக்காமல் இருக்க முடியாத மனிதரை, விடியும்வரை திறக்கக் கூடாத கதவுக்குக் காவல் வைக்கிறார்கள் என்று எனக்கு உதறல். என்னுடைய முதல் விடுமுறை ராத்திரி அந்த யோசனையிலேயே கழிந்தது. தூங்குவதற்கும் பயிற்சி வேண்டும் போலிருக்கிறது, எனக்கு விட்டுப்போய்விட்டது.

மறுநாள் காலை, புது பேட்ச் ஆரம்பிக்கும் நாள். தயாளன் அடையாறிலிருந்து பஸ் பிடித்து நேராக மெஸ் வாசலுக்கு வந்து நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தது. நான் கேட்கும் முன்பே சொன்னார்: "ஒரு வாட்டிகூட தொறக்கல சார். ஆனா ராவு பூரா கதவாண்டயே கைய வெச்சிக்கினுதான் ஒக்காந்திருந்தேன்."

அவர் தோசை சாப்பிட உள்ளே போனார். ஒரு மனிதனைச் சும்மா இருக்கப் பழக்க ஆறு வாரம் போதவே போதாது என்று வரதன் சாரிடம் சொல்ல வேண்டும் என நினைத்துக்கொண்டே நான் மாடிக்குப் போய், காய்ந்து கிடந்த பஞ்சுகளை ஒவ்வொன்றாகக் குழாயில் நனைத்துப் பிழிந்து மேஜைகளில் வைக்க ஆரம்பித்தேன்.