வலி தொடங்கும் இடம்

பதினெட்டு ஆண்டுகள் பீரங்கிக் குண்டுப் பெட்டிகளைத் தூக்கிச் சுமந்த அந்த முன்னாள் இராணுவ வீரருக்கு வலது தோள் பழுதாகிவிட்டது. ஆயினும், ஊனமுற்ற வீரர்களுக்கான உதவித்தொகை கேட்டு அவர் அனுப்பிய விண்ணப்பம், 'கை முழுமையாக உயர்கிறது' என்ற ஒற்றை வரியுடன் திரும்பி வந்தது. குற்றம் அவருடையதுதான். முதல் பரிசோதனையில் மருத்துவர் "கையைத் தூக்குங்க" என்றதும், பல்லைக் கடித்துக்கொண்டு காதை உரசுமளவுக்குத் தூக்கிக் காட்டிவிட்டார். கட்டளைக்கு அரைகுறையாகப் பணிந்து அவருக்குப் பழக்கமில்லை.

மேல்முறையீட்டுப் பரிசோதனைக்கு மனைவியும் உடன் வந்தாள். இம்முறை மருத்துவர் ஒரு பெண்மணி. கோணம் அளக்கும் கருவியைத் தோளில் பொருத்தி, "கையைப் பக்கவாட்டுல தூக்குங்க ஐயா" என்றார். கை விருட்டென்று கிளம்பியது. நெற்றியில் வியர்வை அரும்பியது.

"நிறுத்துங்க! இதென்ன பரேடா?" என்று மனைவி பாய்ந்தாள். "டாக்டரம்மா, இவருக்குச் சட்டை மாட்டிவிடுறது நான், தலை சீவிவிடுறது நான். இங்க வந்தா மட்டும் வீரம் பொத்துக்கிட்டு வருது!"

"சும்மா இரு. அவங்க சொன்னதைத்தானே செய்யுறேன்?"

மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரிங்க ஐயா, இப்பவும் நான் சொல்றதைத்தான் செய்யணும். வலி தொடங்குற இடத்துல நிறுத்திடணும். அதுக்கு மேல ஒரு விரற்கடைகூடப் போகக்கூடாது."

கை மெல்ல எழுந்து, தோள் மட்டத்தை எட்டுமுன்பே நின்றது. மருத்துவர் அளவைப் படித்து, 'அறுபது பாகை' என்று எழுதினார்.

"பழைய முடிவை மாத்தச் சொல்லி எழுதிடுறேன், ஐயா."

"நல்லதுங்கம்மா" என்றார் அவர், கையை அசைக்காமல். "இப்ப இறக்கலாங்களா?"