என் மனைவியின் கட்டிலுக்குக் கீழே பதினான்கு பேட்டரிகள்

எங்கள் மாடியிலிருந்து தெருவுக்கு இறங்க ஒரே ஒரு படிக்கட்டுதான் உண்டு. அது முடிகிற இடத்தில் மின்சார ஸ்கூட்டர்களை வாடகைக்கு விடும் கடை இருந்தது. கடைக்குள் பதினான்கு வண்டிகள். அத்தனைக்கும் சேர்த்துச் சுவரில் இரண்டே பிளக். மற்றதெல்லாம் ஒரு ஜங்ஷன் பாக்ஸிலிருந்து இன்னொரு ஜங்ஷன் பாக்ஸுக்கு, அதிலிருந்து மூன்றாவதற்கு என்று தரையில் ஓடும் ஒயர்கள். அந்த ஒயர்களுக்கு நேர் மேலே என் மனைவியின் கட்டில். துணையில்லாமல் அவளால் எழுந்து நிற்க முடியாது. தீப்பிடித்தால் எப்படி இறங்குவாள் என்று நான் கேட்காத ஆளில்லை. எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். வயதானவன் எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பான் என்று நினைத்திருப்பார்கள்.

வீடு அய்யா கட்டியது. அவருக்குப் பிறகு பாகம் பிரித்தபோது மேல்வீடு எனக்கு, கீழ்வீடு தம்பிக்கு என்று எழுதினோம். தம்பி இராமநாதபுரத்தில் இருக்கிறான். கீழ்வீட்டை யாருக்கு விடுகிறான் என்று என்னிடம் கேட்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது. தீ வந்தால் அது பத்திரத்தைப் படித்துவிட்டுக் கீழ்வீட்டோடு நின்றுவிடும் என்று அவன் நம்பினான் போலிருக்கிறது.

மனைவியின் இடுப்பெலும்பை உடைத்ததும் அப்படியொரு வண்டிதான். கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு ரத வீதியைக் கடந்தவளை, மூன்று பேர் ஏறிய வண்டி பின்னாலிருந்து வந்து இடித்தது. சத்தமே இல்லை. ஆட்டோ வந்தால் காது சொல்லும், புல்லட் வந்தால் தரையே சொல்லும். இது இடித்த பிறகுதான் வந்தது தெரியும். போனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. புகார் கொடுக்கப் போனேன். நம்பர் என்ன என்றார்கள். நம்பரே கிடையாது என்றேன். "அப்ப எப்படி சார் கண்டுபிடிக்கிறது?" என்று என்னையே கேட்டார்கள். அது கீழ்க்கடை வண்டியா, வேறு கடை வண்டியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று படித்துப் பார்த்தேன். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத, இருநூற்றைம்பது வாட்டுக்கு மேற்படாத வண்டிக்குப் பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். சரி, சைக்கிளைவிடக் கொஞ்சம் வேகம், போகட்டும். ஆனால் பில்லில் இருக்கிற வண்டி வேறு, தெருவில் ஓடுகிற வண்டி வேறு. ஹேண்டிலுக்குக் கீழே ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டால் அதே வண்டி ஐம்பதில் பறக்கிறது. பழைய பேட்டரி படுத்துவிட்டால் புதிது வாங்குவதில்லை. எங்கோ பிரித்துக் கழித்த செல்களைச் சேர்த்து, டேப் சுற்றி, அதே பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். மேலே பார்த்தால் கம்பெனி பெயர் பளபளவென்று இருக்கும்.

இதெல்லாம் எந்த ஊரிலும் நடப்பதுதான். எங்கள் ஊரில் மட்டும் நடக்கிற ஒன்று உண்டு. இங்கே வருகிறவர்கள் அக்னி தீர்த்தத்தில் கடலில் முங்குவார்கள், பிறகு கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் வாளி வாளியாய் ஊற்றிக்கொள்வார்கள். ஈர உடையோடு சாமி பார்க்க விடமாட்டார்கள். உடை மாற்ற லாட்ஜுக்குப் போக வேண்டும். எதில் போவார்கள்? வாசலில் நிற்கிற வாடகை வண்டியில். வேட்டியிலும் சேலையிலும் இருந்து கடல்தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறி உட்காருவார்கள். அந்த இருக்கைக்குக் கீழேதான் பேட்டரி. பக்தி என்றால் குளிப்பது, குளிப்பது என்றால் நனைவது. அதை நான் குறை சொல்லவில்லை. நனைந்தவன் உட்காரும் இடத்தில் மின்சாரத்தை வைத்தவனைத்தான் சொல்கிறேன்.

கீழ்க்கடைக்காரர் வளைகுடாவில் உழைத்துச் சேர்த்ததை இதில் போட்டவர். கெட்டவர் இல்லை. தண்ணீர் இறங்குகிறது என்பது அவருக்கும் தெரிந்தே இருந்தது. அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம், ஒவ்வொரு பேட்டரியையும் மீன் கட்டுகிற தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டுவது. இறங்கின தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே கிடந்தது. சூடும் உள்ளேயே கிடந்தது. ஒரு நாள் ஒரு பையைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். அடியில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது, செம்பு முனையில் பச்சை பிடித்திருந்தது.

"இதைப் போய் சார்ஜ் போடுறீங்களா?" என்றேன்.

"என்ன சார் இப்படிச் சொல்றீக? செல்போன வச்சிருக்கீகள்ல, அது மாதிரிதான் இதுவும்."

"செல்போன நான் கடல்ல முக்கி எடுக்கிறதில்ல."

அவர் சிரித்தார். "சாருக்குப் பயம் ஜாஸ்தி. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க, பயம் போயிரும்."

நான் ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை பார்த்தவன். ஒரு மோட்டார் சைக்கிளை பார்சலில் ஏற்ற வேண்டுமென்றால் டேங்கில் இருக்கிற பெட்ரோலை வடித்துவிட்டுத்தான் ஏற்றுவோம். மூடியைத் திறந்து, உள்ளே பார்த்து, ஆட்டிப் பார்த்து, அதன் பிறகுதான் கையெழுத்து. சண்டை போட்ட பெரிய மனிதர்கள் உண்டு. அரை லிட்டர் பெட்ரோல்தானே, அதனால் ரயிலா எரிந்துவிடும் என்பார்கள். எரியாமல் இருந்ததற்கு நாங்கள் வடித்ததும் ஒரு காரணம். அப்படி ஒரு துளிக்குக் கணக்குக் கேட்ட நாட்டில், ஒரு வீட்டின் அடியில் பதினான்கு பேட்டரியைச் செருகி வைக்க யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

ஊரில் விபத்துகள் கூடிப்போனதால் கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள். மேடையில் அதிகாரிகள். கீழே ஆட்டோக்காரர்கள், வாடகை வண்டிக்காரர்கள், லாட்ஜ்காரர்கள், என்னைப் போல் சிலர். முதலில் எழுந்தது எங்கள் தெருமுனை ஸ்டாண்டு ஆட்டோக்காரர்.

"நாங்க பெர்மிட்டு, எஃப்.சி., இன்சூரன்ஸ்னு எல்லாம் கட்டிட்டு ஸ்டாண்டுல ஈ ஓட்டிக்கிட்டுக் கெடக்கோம். அவுக பொம்மைக் கடையில வாங்குற மாதிரி வாங்கி ரோட்டுல விடுறாக."

"தனுஷ்கோடிக்கு நீங்க கேக்குற ரேட்டுக்கு ஒரு ஆட்டோவையே வெலைக்கு வாங்கிரலாம்ணே!" என்று வண்டிக்காரர்கள் பக்கமிருந்து ஒரு குரல். மண்டபமே சிரித்தது.

தங்கச்சிமடத்திலிருந்து மீன் விற்கிற அம்மா ஒருவர் வந்திருந்தார். "பெட்ரோல் ஊத்தி மீன் வித்தா எனக்கு முள்ளுதான் மிஞ்சும். இந்த வண்டி வந்த பெறகுதான் தெருத்தெருவாப் போயி விக்கிறேன். இதப் புடுங்குனா கூடையக் கொண்டாந்து ஒங்க ஆபீஸ் வாசல்ல எறக்கிருவேன். நீங்களே வித்துக் குடுங்கய்யா." அதற்கும் சிரித்தார்கள். ஆனால் அவர் சொன்னதில் பிழையே இல்லை. வண்டி வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. ஒழுங்காகச் செய்த வண்டியை, ஒழுங்கான இடத்தில் வைத்து சார்ஜ் போடு என்றுதான் கேட்கிறேன். இதைச் சொன்னால் ஆட்டோக்காரர் என்னைத் தன் கட்சி என்று நினைக்கிறார், வண்டிக்காரர் எதிரி என்று நினைக்கிறார்.

பத்தொன்பது பேர் பேசினார்கள். வேகம் பற்றிப் பதினொரு பேர், நம்பர் பற்றி ஐந்து பேர், பிழைப்பும் போட்டியும் பற்றி மூன்று பேர். சார்ஜ் போடுவது பற்றி ஒருவர் கூட இல்லை. இருபதாவதாக நான் எழுந்தேன். என் மனைவி, கட்டில், படிக்கட்டு, பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் சொன்னேன். "சுருக்கமா சொல்லுங்க சார்" என்றார் மேடையில் ஒருவர். இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது? எரிந்தால் அவள் சாவாள் என்றேன்.

"வண்டி ரோட்டுக்கு வந்தாத்தான் சார் நாங்க பார்க்க முடியும். வீட்டுக்குள்ள சார்ஜ் போடுறது எங்க வரம்புல வராது."

"யார் வரம்புல வரும்?"

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் தனக்குப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அந்த ஆட்டோக்காரர் எழுந்து, "சார் வண்டிக்கு நம்பர் பிளேட்டு கேக்கல, வீட்டுக்குக் கேக்குறார்!" என்றார். மறுபடியும் சிரிப்பு.

கூட்டத்தின் முடிவில் மூன்று விஷயம் அறிவித்தார்கள். ஹெல்மெட் போட வேண்டும், மூன்று பேர் ஏறக்கூடாது, வண்டியில் கடையின் பெயரும் வரிசை எண்ணும் எழுதிய ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். கீழ்க்கடைக்காரர் உடனே ஒட்டிவிட்டார். எங்கே ஒட்டினார் என்று போய்ப் பார்த்தேன். பேட்டரிப் பெட்டியில் காற்றுப் போவதற்கு ஒரு வரிசைத் துளை இருக்கும். சமதளமாக இருந்த இடம் அதுதான் என்று அதன் மேலேயே ஒட்டியிருந்தார்.

அமாவாசை அன்று ஊரில் கூட்டம் நெருக்கியது. வண்டிகள் நனைந்தபடி திரும்புவதும், நனைந்தபடியே பிளக்கில் செருகப்படுவதும், பாதி ஏறியதும் அடுத்தவருக்குக் கொடுக்கப்படுவதுமாக இருந்தன. மதியச் சாப்பாட்டுக்கு மனைவியை நிமிர்த்தி உட்கார வைத்தேன். அப்போது ஒரு வாசனை வந்தது. எரிகிற வாசனை இல்லை. நெயில் பாலிஷ் மாதிரி ஒரு இனிப்பு நெடி. வாசலுக்குப் போனேன். படிக்கட்டு தெரியவில்லை. வெள்ளைப் புகை, பால் பொங்கி வருவது போல மேலே வந்துகொண்டிருந்தது.

ஓடிவந்து அவளுடைய கக்கத்தில் கை கொடுத்தேன்.

"நீங்க ஒத்தையில தூக்குனா ரெண்டு பேரும் சேர்ந்துதான் விழுவோம்," என்றாள். "விடுங்க. சன்னல்ல போயிக் கத்துங்க."

கத்தினேன். கீழே கடைக்காரர் புகைகிற வண்டியைக் கைப்பிடியைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேர் முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு படியேறி வந்தார்கள். மண்டபத்தில் என்னைக் கேலி செய்தவர் அதில் ஒருவர். பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, "கண்ண மூடிக்கங்க ஆத்தா, மூச்ச இழுக்காதீக" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு புகைக்குள் இறங்கினார்கள். நான் சுவரைத் தடவிக்கொண்டு பின்னால் போனேன்.

தெருவில் அந்த வண்டி பட்டாசு மாதிரி வெடித்து எரிந்தது. தண்ணீர் ஊற்றினால் அடங்கும், திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி பிடிக்கும். மணலைக் கொட்டி மூடினார்கள். மணலுக்குள்ளிருந்தும் புகை வந்தது. கடைக்காரரின் கை முழங்கை வரை வெந்து போயிருந்தது. அதைப் பார்த்தபோதும் என் கோபம் குறையவில்லை. அந்த வண்டி வாசலோரம் நின்றதால் இழுக்க முடிந்தது. உள் மூலையில் நின்றிருந்தால்?

தகவல் போய் தம்பி வந்தான். சுவரைத் தட்டிப் பார்த்தான். கூரையை அண்ணாந்து பார்த்தான். அப்புறம்தான் எங்களிடம் வந்தான்.

"ஒண்ணும் ஆகலண்ணே. ஒரே ஒரு வண்டிதான். மத்த பதிமூணும் நல்லாத்தான் இருக்கு."

கடை வாசலில், ஷட்டருக்கு நேர் கீழே, நாற்காலியில் இருந்தபடியே என் மனைவிதான் பேசினாள்.

"ரொம்ப நல்லது தம்பி. அப்ப அந்தப் பதிமூணையும் மேல ஏத்திருங்க. நான் இங்கன கீழ இருந்துக்கிடுறேன்."

"என்ன மதினி, இந்த நேரத்துல வெளாட்டு?"

"யாரு வெளாடுறா? இல்லாட்டி ஒண்ணு செய்ங்க. இதையெல்லாம் ராமநாதபுரத்துக்கு ஏத்திட்டுப் போயி, நீங்க படுக்குற ரூமுக்குக் கீழ வச்சு சார்ஜ் போடுங்க. நல்லாத்தான இருக்கு?"

தம்பி என்னைப் பார்த்தான், அண்ணன்காரன் பெண்டாட்டியை அடக்குவான் என்பது போல. "ஏலே, என்னைய ஏன் பாக்குற? அவளுக்குப் பதில் சொல்லு" என்றேன். அவன் மறுபடி சுவரைத் தட்டிப் பார்க்கப் போனான். சாயங்காலம் ஷட்டரை இறக்க வந்தார்கள். நாற்காலி வாசலை விட்டு நகரவில்லை. கடைசி வண்டி போகிற வரை நகரமாட்டேன் என்றாள். கையில் கட்டோடு திரும்பிய கடைக்காரர் ஒரு லோடு ஆட்டோ கூப்பிட்டு வந்தார். ஒவ்வொன்றாக ஏற்றுவதை அவள் பார்த்தாள். நான் எண்ணினேன். பதிமூன்றும் போன பிறகுதான் தூக்க விட்டாள். தம்பி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அவன் வாடகை போனது அவனுக்குக் கோபம். பேசாமல் இருக்கட்டும்.

சில வாரம் கழித்துக் கடைக்காரரைத் தெருவில் பார்த்தேன். கை ஆறி, தோல் வேறு நிறமாக இருந்தது. "வேற எடம் புடிச்சுட்டேன் சார். இனிமே ஒங்களுக்கு ஒரு தொல்லையும் இல்ல" என்றார். அந்த 'ஒங்களுக்கு' என்ற சொல் என்னைச் சும்மா விடவில்லை. எந்த இடம் என்று கேட்டுக்கொண்டு மறுநாள் போனேன். இரண்டு தெரு தள்ளி. புதிய ஸ்டிக்கர், புதிய பிளாஸ்டிக் பைகள், தரையில் அதே ஒயர்கள். அவர் அப்போது கடையில் இல்லை. பக்கத்தில் ஒரு குறுகலான படிக்கட்டு மேலே போனது. அதன் அடியில் ஐந்து ஜோடிச் செருப்பு. அதில் இரண்டு ஜோடி என் உள்ளங்கையை விடச் சிறியவை.

முழங்கால் வலிக்க ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் திறந்தாள்.

"வண்டிக்கடை கீழய்யா," என்றாள்.

"கடைக்கு வரலம்மா." எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், எங்கள் வீட்டில் நடந்ததை நின்றபடியே சொன்னேன். அவள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"கடைய வைக்கும்போதே இதெல்லாம் யாராச்சும் வந்து பாத்திருப்பாகல்ல?"

"யாரும் பார்க்கலம்மா. பார்க்க ஆளே கெடையாது." என் குரல் உயர்ந்துவிட்டது, உள்ளே யாரோ எட்டிப் பார்த்தார்கள். தணித்துக்கொண்டு கேட்டேன்: "இந்தப் படிய விட்டா, கீழ எறங்க ஒங்களுக்கு வேற வழி இருக்கா?"

அவள் திரும்பி, தன் வீட்டையே முதல் தடவை பார்ப்பதுபோல் உள்ளே பார்த்தாள்.