பொழுது சாய்வதற்குள்

ஜெயவதி ஆரணியிலிருந்து பெரணமல்லூர்ப் பள்ளிக்குப் பேருந்தில் சென்றுவந்த ஆசிரியை. பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டுவிடுவாள் என்றே புகுந்த வீட்டார் எண்ணியிருந்தனர்; அவள் விடவில்லை. 1979ஆம் ஆண்டு மழைக்காலம் வரை அதை யாரும் பெரிய குறையாகப் பேசவும் இல்லை.

அவர்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் அந்த வீட்டில் பெரியவர்கள் உண்பதில்லை. குழந்தைகளுக்கு அக்கட்டுப்பாடு கிடையாது. ஆனால் நான்கு வயது பிரபாவதி ஒரு நாள், விளக்கு வைத்தபின் நீட்டிய சோற்றை வேண்டாமென்று தள்ளினாள். வீடே மெச்சியது. மெச்சியதுதான் பிழையாயிற்று. பின்னர் இருட்டிவிட்டால் எவ்வளவு கெஞ்சினாலும் அவள் வாயைத் திறப்பதில்லை. மாலைச் சோற்றை அம்மா ஊட்டினாலன்றி உண்பதும் இல்லை. ஐப்பசியில் பகல் சுருங்கவே, ஜெயவதியின் பேருந்து இருட்டியபின் வந்து சேர்ந்தது. குழந்தை பல இரவுகள் பட்டினியாகப் படுத்தாள்.

கார்த்திகையில் ஒரு காலை, மாமியார் தர்மாம்பாள் முடிவாகச் சொல்லிவிட்டாள்: "இன்னிக்கும் கொழந்த வெறும் வயித்தோட படுத்துதுன்னா, நாளைக்கு நீ பஸ் ஏறக் கூடாது. உன் சம்பளத்துலதான் இந்த வூட்ல அடுப்பு எரியுதா?"

கணவன் ஜெயசந்திரன் பட்டுநூல் வியாபாரி. கடைக்குப் புறப்பட்டவன், "அம்மா சொல்றதும் நியாயந்தானே" என்றான்.

"புள்ள எனக்கு மட்டுந்தானாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நில்லாமல் ஜெயவதி படியிறங்கினாள்.

அன்று மாலை, திரும்பும் வழியில் பேருந்து தரைப்பாலத்தருகே நின்றுவிட்டது. பாலத்தின்மேல் வெள்ளம் புரண்டுகொண்டிருந்தது.

"தண்ணி எறங்கினாத்தான் வண்டி போவும்" என்றார் நடத்துநர்.

"எப்பங்க எறங்கும்?"

"அத்த தண்ணிகிட்டதான் கேக்கணும் டீச்சர்."

பின்னிருக்கையில் சிரிப்பு எழுந்தது. மேற்கே வானம் சிவக்கத் தொடங்கியது. ஜெயவதி இறங்கிப் புடவையைச் செருகிக்கொண்டு முழங்கால் நீரில் கால் வைத்தாள். அதே பேருந்தில் கூடையோடு வந்த முனியம்மா அவள் கையைப் பற்றி இழுத்தாள்.

"இன்னா டீச்சர், பித்து புட்ச்சிகிச்சா? ஆளையே இழுத்துகினு போவுது!"

கரையில் நின்றபடி சூரியன் மறைவதைப் பார்த்தாள். வேலையை விடுவதாகத் தலைமை ஆசிரியருக்கு எழுதவேண்டிய சொற்களை மனம் ஒவ்வொன்றாகக் கோத்தது. நன்கு இருட்டிய பிறகே பேருந்து நகர்ந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது பிரபாவதி பாயில் புரண்டு விளையாடிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

"உன் வூட்டுக்காரன் கடைய சாத்திட்டு வந்துட்டான்" என்றாள் தர்மாம்பாள். "மொட்டமாடிக்குத் தூக்கினு போயி, சூரியன காட்டிக் காட்டி ஊட்டறான். எதிர்வூட்டு ஆம்பளைங்க நின்னு வேடிக்க பாக்கறாங்க. மானம் போச்சு!"

"அப்பா பெரிய பெரிய உருண்டையா குடுத்தாரு" என்றாள் குழந்தை. "நாளைக்கும் அப்பாதான் ஊட்டணும். நீ வாணாம்."

ஜெயசந்திரன் மனைவியின் முகத்தைப் பாராமலே சொன்னான்: "நீ மெதுவாவே வா. சாயங்காலம் நான் பாத்துக்கறேன்."

ஜெயவதி குழந்தையின் கன்னத்துப் பருக்கையைத் துடைத்துவிட்டாள். பொழுது சாய்ந்துவிட்டதால், அன்றிரவு அவ்வீட்டில் உண்ணாமல் படுத்தவள் அவள் ஒருத்தியே.

மறுநாள் காலை அவள் பேருந்துக்குக் கிளம்பியபோது யாரும் தடுக்கவில்லை. அதுவரை நாள்தோறும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுத பிரபாவதியும் தடுக்கவில்லை.